குளோனா, காப்பி டூவா? கல்வெட்டுப் படங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே இருக்கிறது கீழ்பென்னாத்தூர். கிழக்கே போனால் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது அது ஒன்றுதான். மேற்கே போனால் அண்ணாமலையார் கோயில். அதன் கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் தொகுத்தளித்த நூல் 1990-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. இன்னும் மேற்கே செங்கம். பல்லவ மன்னர்களான சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் கிடைத்த பகுதி அது. இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருக்க, தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' நூலை 1972-இல் வெளியிட்டது.

எந்தப் பக்கம் போனாலும் எழுத்துள்ள கல் கண்ணில் படும் இந்த வட்டாரத்தில், கைப்பேசிக் கேமராவும் கொஞ்சம் நிரல் அறிவும் உள்ள ஒரு மாணவர் செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு. தேய்ந்துபோன எழுத்தைப் படமெடுத்து, கணினியில் தெளிவாக்கிப் படிக்க முயல்வதுதான் அது. அந்த வேலைக்குப் பெரும்பாலும் அவர் எடுத்துக்கொள்வது ஓப்பன்சிவி என்ற இலவச நிரல்தொகுப்பு. படத்தைச் சாம்பல் நிறமாக்குவார், வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவார், கறுப்பு வெள்ளையாக்குவார், எழுத்தைச் சுற்றிக் கட்டம் போடுவார். ஒவ்வொரு படியிலும் அவர் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றம் மூலப்படத்தில் நடக்கிறதா, அதன் நகலில் நடக்கிறதா?

நகல் எடுக்க ஓப்பன்சிவி தரும் முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று குளோன், மற்றது காப்பி டூ. இரண்டையும் ஒரே வேலைக்கான இரு பெயர்களாக நினைத்து, கைக்கு வந்ததைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நகல் எங்கே போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இவை வேறு வேறு விடை சொல்கின்றன. அந்த வேறுபாடு தெரிந்தால் நிரல் வேகமாக ஓடும். அதைவிட முக்கியம், மூலப்படம் பிழைக்கும்.

நினைவகத்தில் படம்

கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4000 × 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.2 கோடி பிக்சல்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட். ஆக 3.6 கோடி பைட். ஓப்பன்சிவியின் 'மேட்' என்ற பொருள் இந்தப் பைட்டுகளைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. அகலம், உயரம், பிக்சலின் வகை, பிக்சல்கள் தொடங்கும் முகவரி ஆகியவற்றை எழுதிய தலைப்புக் குறிப்பு அது. அதன் அளவு சுமார் நூறு பைட்தான்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேட் என்பது பட்டா. பிக்சல்கள் நிலம். ஒரு மேட்டை இன்னொரு மேட்டுக்குச் சமக்குறியால் கொடுத்தால், அதே நிலத்துக்கு இரண்டாவது பட்டா எழுதப்படுகிறது. நிலம் பெருகுவதில்லை. இரண்டாவது பட்டாக்காரர் உழுதாலும் முதலாமவரின் பயிர்தான் போகும். எத்தனை தலைப்புகள் இந்தப் பிக்சல்களைச் சுட்டுகின்றன என்று ஓப்பன்சிவி ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. அது பூச்சியமாகும்போதுதான் நினைவகம் விடுவிக்கப்படுகிறது.

இதனால் தொடக்கத்திலேயே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். சமக்குறி போட்டால் நகல் வராது. ஒரு மேட்டை மதிப்பாகச் செயற்கூறுக்கு அனுப்பினாலும் நகல் வராது. தலைப்பு மட்டுமே போகும். 'கான்ஸ்ட்' என்று குறித்து அனுப்பினால்கூட காவல் தலைப்புக்குத்தான். உள்ளே இன்னொரு தலைப்பை எழுதிக்கொண்டு பிக்சல்களை மாற்றிவிட முடியும். உண்மையான நகல் வேண்டுமென்றால் குளோன் அல்லது காப்பி டூ என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

பழைய சி காலத்தில்

1999-இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிவைத்த ஓப்பன்சிவி, 2006-இல் 1.0 பதிப்பாக வந்தது. அப்போது அது சி மொழியில் இருந்தது. படத்தை வைத்திருந்த அமைப்புக்கு 'ஐபிஎல் இமேஜ்' என்று பெயர். அன்று இரண்டு முறைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

'சிவி காப்பி' என்ற கட்டளைக்கு இலக்குப் படம் முன்பே தயாராக இருக்க வேண்டும். அளவும் வகையும் பொருந்தாவிட்டால் பிழை. மூலப்படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து குறித்திருந்தால், அந்தப் பகுதி மட்டும் நகலாகும். 'சிவி குளோன் இமேஜ்' அப்படியில்லை. அதுவே புதிய இடம் ஒதுக்கி, தலைப்பு, பிக்சல்கள், தேர்ந்த பகுதியின் குறிப்பு என்று எல்லாவற்றையும் முழுதாகப் படியெடுத்துத் தரும். தந்த பிறகு அந்த இடத்தை விடுவிப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை மறந்தவர்கள் கண்ட விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். 640 × 480 அளவுள்ள வண்ணப்படம் 9,21,600 பைட். நொடிக்கு 30 படங்கள் வரும் கேமராவின் சுழற்சிக்குள் ஒவ்வொரு படத்தையும் குளோன் செய்து, பழையதை விடுவிக்காமல் விட்டால், ஒரு நிமிடத்தில் 165 கோடி பைட்டுக்கு மேல் போய்விடும். அந்தக் காலத்துக் கணினி சில நிமிடங்களிலேயே திணறி நின்றுவிடும். அதே இடத்தில் சிவி காப்பி போட்டிருந்தால், சுழற்சிக்கு வெளியே ஒருமுறை ஒதுக்கிய ஒரே இடம் திரும்பத் திரும்பப் பயன்பட்டிருக்கும்.

2009-இல் வந்த 2.0 பதிப்பு சி++ மொழிக்கு மாறி, மேட்டைக் கொண்டுவந்தது. விடுவிக்கும் வேலையை எண்ணிக்கை முறை ஏற்றுக்கொண்டது. 2018-இல் வந்த 4.0 பதிப்பில் பழைய சி இடைமுகத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. கசிவு குறைந்தது. ஆனால் இரண்டு முறைகளுக்கும் இடையிலான எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாமல் மங்கியதும் மேட் வந்தபோதுதான்.

இன்றைய நிலையில் இரண்டும்

இன்றைய ஓப்பன்சிவியில் குளோன் செய்வது இதுதான்: காலியான ஒரு புதிய மேட்டை உருவாக்கி, அதற்குள் காப்பி டூ செய்து, அதைத் திருப்பித் தருகிறது. அதாவது குளோனின் வயிற்றுக்குள் இருப்பதே காப்பி டூதான். அப்படியானால் வேறுபாடு எங்கே? இலக்கில்.

காப்பி டூ முதலில் இலக்கைப் பார்க்கிறது. அளவும் வகையும் மூலத்தோடு பொருந்தினால், இருக்கும் இடத்திலேயே பிக்சல்களை எழுதுகிறது. பொருந்தாவிட்டால் புதிய இடம் ஒதுக்கி எழுதுகிறது. குளோனுக்கு முன்பே உள்ள இலக்கு என்று ஒன்று கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிய இடம்தான்.

இதிலிருந்து இரண்டின் குணமும் பிரிகிறது. குளோன் தரும் உறுதி, தனிமை: வந்த நகலை வேறெந்தத் தலைப்பும் சுட்டவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். காப்பி டூ அந்த உறுதியைத் தராது. இலக்கின் பிக்சல்களை வேறு தலைப்புகளும் பகிர்ந்துகொண்டிருந்தால், அத்தனை பேருக்கும் படம் மாறிவிடும். ஆனால் காப்பி டூவால் முடிந்த இரண்டு வேலைகள் குளோனால் முடியாது. இருக்கும் படத்தின் ஒரு பகுதிக்குள் எழுதுவது ஒன்று. எங்கே எழுதலாம் என்று குறிக்கும் மாஸ்க் வைத்துத் தேர்ந்தெடுத்து எழுதுவது மற்றொன்று.

பகுதிப்படம்

நடுகல் படத்தைக் குளோன் செய்த வேலைப்படத்திலிருந்து (இந்தப் பகுதியில் மூலப்படம் என்பது அதுதான்) எழுத்து வரி ஒன்றை மட்டும் வெட்டியெடுக்கிறோம். செவ்வகம் சொல்லி வெட்டினால் கிடைப்பது புதிய தலைப்புதான், பிக்சல்கள் மூலப்படத்துடையவை. அந்தத் துண்டில் கோடு போட்டால் மூலப்படத்திலும் கோடு விழும்.

இப்போது அந்தத் துண்டைத் தெளிவாக்கி, மூலப்படத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். இங்கே பலர் செய்வது, 'துண்டு சமம் தெளிவானது குளோன்' என்று எழுதுவது. நிரல் பிழையில்லாமல் ஓடும். ஆனால் மூலப்படத்தில் எந்த மாற்றமும் இருக்காது. துண்டு என்ற தலைப்பு புதிய பிக்சல்களைச் சுட்டத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். 'தெளிவானது காப்பி டூ துண்டு' என்று எழுதினால்தான் பிக்சல்கள் மூலப்படத்துக்குள் போய்ச் சேரும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தெளிவாக்கும்போது அளவோ நிறவகையோ மாறியிருந்தால், காப்பி டூ சத்தமில்லாமல் துண்டுக்குப் புதிய இடம் ஒதுக்கிவிடும். மூலப்படம் பழையபடியே இருக்கும். சாம்பல் நிறத் துண்டை வண்ணப்படத்துக்குள் வைக்க முயல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வைப்பதற்கு முன் அதை மூன்று நிறத் தளங்களாக மாற்றிவிட வேண்டும்.

அதே துண்டை வெளியே எடுத்துச் சேமிக்க வேண்டும் என்றால் கதை தலைகீழ். 100 படங்களிலிருந்து படத்துக்கொரு 300 × 300 துண்டை வெறும் தலைப்பாக வெட்டி ஒரு பட்டியலில் வைக்கிறோம். ஒவ்வொரு துண்டும் தன் தாய்ப்படத்தின் பிக்சல்களைப் பிடித்துக்கொண்டிருப்பதால், 100 முழுப் படங்களும் நினைவகத்தை விட்டுப் போகாது. மொத்தம் 360 கோடி பைட். ஒவ்வொரு துண்டையும் குளோன் செய்து வைத்தால் 2.7 கோடி பைட் போதும். இங்கே நகல் எடுப்பதுதான் சிக்கனம். நகல் எடுத்தாலே நினைவகம் வீணாகும் என்ற பொதுவான அச்சத்துக்கு இது நல்ல மறுப்பு.

மாஸ்க்

வெயில் சாய்வாக விழும் கல்லில் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி நிழலிலும் இருக்கும். நிழல் பகுதியை மட்டும் தெளிவாக்க வேண்டும். வெளிச்சப் பகுதியில் கை வைக்கக் கூடாது. இதற்கு இரண்டு முறைகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

முதலில் மூலப்படத்தைக் குளோன் செய்து முடிவுப்படம் என்று வைத்துக்கொள்கிறோம். வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிய படத்தைத் தனியாக உருவாக்குகிறோம். நிழல் உள்ள இடத்தில் 255, இல்லாத இடத்தில் 0 என்று ஒரு மாஸ்க் செய்கிறோம். பிறகு கூட்டிய படத்தை மாஸ்க்கோடு முடிவுப்படத்துக்குள் காப்பி டூ செய்கிறோம். நிழல் பகுதி மட்டும் மாறுகிறது. மற்ற பிக்சல்கள் மூலத்தில் இருந்தபடியே நிற்கின்றன.

முதல் படியான குளோனை விட்டுவிட்டு, வெறும் மேட் ஒன்றை இலக்காகக் கொடுத்தால் என்ன ஆகும்? புதிதாக இடம் ஒதுக்கப்பட்டால், மாஸ்க்குக்கு வெளியே உள்ள பிக்சல்கள் அனைத்தும் பூச்சியமாக்கப்படும். நிழல் பகுதி தெளிவாக வரும், சுற்றிலும் கறுப்பு. எழுத்தைத் தனியே பிரித்துப் பார்க்க அதுவும் சில நேரம் தேவைப்படும். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

வேகமும் ஓடும் படமும்

ஒற்றைப் படத்தில் இரண்டுக்கும் வேக வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பிக்சல்களை நகர்த்தும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. இடம் ஒதுக்கும் வேலைதான் கூடுதல். ஒற்றைக் கல்வெட்டுப் படத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓடும் படத்தில் நிலைமை வேறு. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று காவல்துறை கேமராக்களையும் ட்ரோன்களையும் கொண்டு கூட்டத்தைக் கண்காணிக்கிறது. இப்படியொரு கேமராவின் படத்தைக் கணினி ஆராய வேண்டும் என்றால், 1920 × 1080 அளவில் ஒரு படம் 62,20,800 பைட். நொடிக்கு 25 என்றால் 15.5 கோடி பைட்டுக்கு மேல். நொடிதோறும் 25 முறை இவ்வளவு பெரிய இடத்தைக் கேட்டுவாங்கித் திருப்பிக் கொடுப்பது இயங்குதளத்துக்கும் சுமை. முன்கூட்டியே சில மேட்டுகளை ஒதுக்கி வைத்து, சுழற்சி முறையில் ஒவ்வொன்றுக்குள்ளும் காப்பி டூ செய்வது இங்கே நல்ல முறை.

ஆனால் இதே ஓடும் படத்தில் குளோன் தவிர்க்க முடியாத இடமும் இருக்கிறது. கேமராவிலிருந்து ஒரே மேட்டுக்குள் படங்களை வாசித்து, ஒவ்வொன்றையும் அப்படியே பட்டியலில் சேர்த்தால், அடுத்த படம் பெரும்பாலும் அதே பிக்சல்கள்மேல் வந்து எழுதப்படும். கடைசியில் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே படமாக இருக்கும். பட்டியலில் சேர்க்கும்போது குளோன் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே நேரத்தில் ஓடும் இழைகளில் ஒன்று படம் பிடிக்க, இன்னொன்று ஆராயும் நிரல்களிலும் அப்படித்தான். படம் கைமாறும் இடத்தில் தனி நகல் இல்லாவிட்டால், ஆராயப்படும் படத்தின் மேல்பாதி பழையதாகவும் கீழ்பாதி புதியதாகவும் இருக்க வாய்ப்புண்டு.

பைத்தானில்

பைத்தானில் எழுதுவோருக்கு மேட் கிடையாது. நம்பை என்ற நிரல்தொகுப்பின் அணிதான் படம். பெயர்கள் மாறினாலும் நியதி அதுவே. சமக்குறி போட்டால் அதே அணிக்கு இன்னொரு பெயர். சதுர அடைப்புக்குள் வரிசை, நெடுவரிசை எல்லைகளைச் சொல்லி வெட்டினால் அது பார்வை மட்டும்; பிக்சல்கள் பழையவை. அணியின் 'காப்பி' என்ற செயற்கூறு குளோனுக்குச் சமம். இருக்கும் அணியின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி இட்டுச் சமக்குறி போட்டால் அது காப்பி டூவுக்குச் சமம். அதை விட்டுவிட்டு வெறும் பெயருக்குச் சமக்குறி போட்டால், சி++ மொழியில் துண்டுக்கு நேர்ந்த அதே கதிதான். வெட்டிய சிறு துண்டு தாய் அணியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சிக்கலும் இங்கே உண்டு. கேமராவிலிருந்து வாசிக்கும்போது வழக்கமான முறையில் ஒவ்வொரு முறையும் புதிய அணி வருவதால், பட்டியல் முழுக்க ஒரே படம் என்ற பிழை மட்டும் பைத்தானில் குறைவு.

எப்போது எது

ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து சில நெறிகள் தேறுகின்றன. வட்டம், செவ்வகம், எழுத்து ஆகியவற்றை வரையும் ஓப்பன்சிவி கட்டளைகள் கொடுத்த படத்தின்மேலேயே வரைகின்றன. எனவே திரையில் காட்டுவதற்கு எப்போதும் குளோன் செய்த படத்தையே கொடுக்க வேண்டும். கோட்டுருவங்களைத் தேடும் 'ஃபைண்ட் கான்டூர்ஸ்' 3.2 பதிப்புக்கு முன்பு வரை கொடுத்த படத்தையே சிதைத்தது. பழைய நிரல்களை எடுத்து ஓட்டும்போது அதற்கும் குளோன் வேண்டும். சேமித்து வைக்கும் துண்டுக்கு, இன்னொரு இழைக்குக் கொடுக்கும் படத்துக்கு, பட்டியலில் சேரும் படத்துக்குக் குளோன். சுழற்சிக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒரே அளவுப் படத்துக்கு, பெரிய படத்தின் ஒரு பகுதியை நிரப்புவதற்கு, மாஸ்க் வைத்து ஒட்டுவதற்குக் காப்பி டூ. படிக்க மட்டும் செய்து, எதையும் எழுதாத செயற்கூறுக்கு இரண்டுமே வேண்டாம். தலைப்பைப் பகிர்வதே போதும்.

இரண்டில் ஒன்றைத் தேர முடியாத குழப்பத்தில் எதைப் போடுவது? கல்வெட்டுப் படம் என்றால் குளோன்தான் என்பது என் உறுதியான கருத்து. சில மில்லி நொடிகளும் சில கோடி பைட்டுகளும் திரும்பக் கிடைக்கும். தெரியாமல் மேலெழுதப்பட்ட பிக்சல் திரும்பாது. குளோன் நினைவகத்தில் உள்ளதை மட்டுமே காக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிவுப்படத்தை மூலக் கோப்பின் பெயரிலேயே வட்டில் எழுதிவிட்டால் எந்தக் குளோனும் உதவாது. அதிலும் ஜேபெக் வடிவில் மறுபடி மறுபடி சேமித்தால் நுண்ணிய கீறல்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். மூலக் கோப்பு தனிக் கோப்புறையில், எழுத முடியாதபடி பூட்டி இருக்க வேண்டும். முடிவுகள் வேறு பெயரில், இழப்பில்லாத பிஎன்ஜி வடிவில் இருக்க வேண்டும்.

கல்வெட்டியலாளர்கள் இந்த ஒழுக்கத்தைக் கணினிக்கு முன்பே கடைப்பிடித்தார்கள். கல்லைத் துலக்கி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளைப் பதியவைத்து, மேலே மை ஒற்றி மைப்படி எடுத்தார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் தாளில் வந்தது. அந்தப் படியில்தான் ஐயப் படிப்புகளைக் குறித்தார்கள், திருத்தினார்கள், வாதிட்டார்கள். கல் அப்படியே இருந்தது.

இன்று அந்தக் கற்கள் எல்லாம் பத்திரமாக இல்லை. சுண்ணாம்பு பூசப்பட்ட சுவர்கள் உண்டு. மணல் வீச்சால் துப்புரவு செய்ததில் எழுத்து மழுங்கிய கோயில்கள் உண்டு. வயல்வெளியில் சாய்ந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும் நடுகற்கள் உண்டு. ஒரு மாணவர் இன்று எடுக்கும் படம், சில ஆண்டுகள் கழித்து அந்த எழுத்துக்கு எஞ்சிய ஒரே சான்றாக ஆகிவிடலாம். அதனால் கீழ்பென்னாத்தூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ இந்த வேலையைத் தொடங்கும் எந்த இளைஞரிடமும் நான் கேட்பது இதுதான். உங்கள் நிரலில் படத்தை வாசிக்கும் வரிக்கு அடுத்த வரி, அதைக் குளோன் செய்யும் வரியாக இருக்கட்டும். அதன்பின் வரும் வேலைகளில் காப்பி டூவை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். வேகத்துக்கு அது தேவை. ஆனால் மூலப்படத்தை எந்தக் கட்டளைக்கும் இலக்காகக் கொடுக்காதீர்கள். இந்த ஒரே விதியைக் காத்தால், உங்கள் வாசிப்பு தவறாகிப் போனாலும் பின்னால் வருபவர் அதே படத்தை எடுத்துச் சரியாக வாசிக்க முடியும்.